மருமகளைப் பர்மாவுக்கு அனுப்பாதிருக்க ஆலடிப்பற்று உலகம்மாள் எழுதியது

அனுப்புநர்:
உலகம்மாள் (வயது 58),
காலஞ்சென்ற பத்மநாப பிள்ளை மனைவி,
கீழத்தெரு, ஆலடிப்பற்று,
தோவாளை தாலுகா.

பெறுநர்:
மேன்மை தங்கிய ஜில்லா கலெக்டர் அவர்கள்,
கன்னியாகுமரி ஜில்லா,
நாகர்கோவில்.

பொருள்: பர்மா தேசத்தில் பிறந்தவளும் என் மூத்த மகன் தாணுலிங்கத்தின் மனைவியுமான மா கின் மியா (வயது 29) இந்நாட்டில் நிரந்தரமாகத் தங்கக் கொடுத்த விண்ணப்பம் – கணவன் கொலையுண்டதால் தள்ளுபடி செய்யப்பட்டது – மார்கழி முடிவதற்குள் நாட்டை விட்டுப் போக உத்தரவானது – அந்தக் கொலையைக் கண்ணால் கண்ட ஒரே சாட்சி அவளே – உத்தரவை நிறுத்தும்படி வேண்டிக்கொள்வது.

மரியாதைக்குரிய ஐயா அவர்கள் சமுகத்திற்கு,

1. இந்த மனுவை நானே என் கைப்பட எழுதுகிறேன். முதலில் பத்திரம் எழுதுகிறவர் ஒருவரிடம்தான் போனேன். வெட்டு, ரத்தம், பிணம் என்று நான் சொன்ன இடத்திலெல்லாம் அவர் 'அசம்பாவிதம்' என்று எழுதினார். என் மகன் மண்டை இரண்டாகப் பிளந்தது அசம்பாவிதமா? காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்தில் மரியாதைக் குறைவு ஏதும் வந்தால் அது கோபத்தால் வந்தது, தங்கள் சமுகத்தை அவமதிக்க வந்ததல்ல.

2. எனக்கு இரண்டு ஆண் மக்கள். மூத்தவன் தாணுலிங்கம், இளையவன் பூதலிங்கம். பெண் மக்கள் இல்லை. மூத்தவன் யுத்தம் ஓய்ந்த பின் ரங்கூனுக்குப் போய் ஓர் அரிசி ஆலையில் கணக்கெழுதினான். அங்கே மேற்படி மியாவை, தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோவிலில் வைத்து விவாகம் செய்துகொண்டான். அவளைப் பெற்றவர்கள் யுத்தத்தில் குண்டு விழுந்து மாண்டவர்கள். உடன்பிறந்தான் ஒருவன் இருந்தான், அவனும் பிற்பாடு நடந்த உள்நாட்டுக் கலகத்தில் போய்விட்டான். அந்தக் கலகத்துக்குப் பயந்துதான் 1950-ல் இருவரும் ஆலடிப்பற்றுக்கு வந்தார்கள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? 'கப்பலில் கூட்டி வந்தவள்' என்று பேசினார்கள். ஆகவே எங்கள் ஊர் முத்தாரம்மன் கோவிலில், என் சொந்தச் செலவில், எல்லாரும் பார்க்க இரண்டாம் முறையும் தாலி கட்ட வைத்தேன். அன்று மாப்பிள்ளைத் தோழனாக அண்ணன் கையைப் பிடித்து மணவறையைச் சுற்றி வந்தவன் பூதலிங்கம். பந்தியில் மூன்று முறை பாயசம் வாங்கிக் குடித்தவனும் அவனே. இன்று அந்த விவாகம் நடக்கவே இல்லை என்று போலீசுக்கு எழுதிக் கொடுத்திருப்பவனும் அவனேதான்.

3. மருமகள் வந்த வருஷம் முதல் திருவனந்தபுரத்து அதிகாரிகளிடம் வருஷா வருஷம் தங்கும் அனுமதி வாங்கி, ஒரு தவணை கூடத் தவறவில்லை. இந்நாட்டுக் குடிமகனைக் கட்டிய அயல்நாட்டுப் பெண் இங்கேயே நிரந்தரமாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்று புதுச் சட்டம் வந்திருப்பதாக என் மகன் பேப்பரில் படித்தான். உடனே விண்ணப்பம் கொடுத்தான். இதற்கிடையில் ஐப்பசி நடுவில் எங்கள் தாலுகாவை மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேர்த்தார்கள். நல்ல காரியம்தான், நானும் தெருவில் நின்று சர்க்கரை வாங்கித் தின்றேன். ஆனால் விண்ணப்பம் மட்டும் திருவனந்தபுரத்தில் நின்றுவிடும் என்று ஆவணியிலேயே பேச்சு வந்தது. அன்று முதல் என் மகன் அங்கும் இங்குமாக அலைந்து, யார் யார் காலையோ பிடித்து, அதை இங்கே வரவழைத்தான். கணவனும் மனைவியும் ஐப்பசி 24-ம் தேதி தாலுகா ஆப்பீசில் நேரில் வந்து சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டும் என்று தாக்கீது வந்தது. அன்று வீட்டில் மூத்தவன் சிரித்த சிரிப்பை நான் அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பார்த்ததோடு சரி.

பூதலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு, சாப்பிடாமல் எழுந்து போனான்.

4. இதன் காரணம் சமுகத்துக்கு விளங்க வேண்டும். எங்கள் சமுதாயத்தில் முன்பு மருமக்கள் வழி. ஒருவன் செத்தால் சொத்து அவன் சகோதரி மக்களுக்கு. பெண்டாட்டி பாயைச் சுருட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போக வேண்டியதுதான், மனமிருந்தால் ஏதோ கொஞ்சம் கொடுப்பார்கள். அந்த வழியில் பெண்டாட்டிகளாகிய நாங்கள் எல்லாருமே அன்னிய தேசத்தார்தான் ஐயா, பர்மாவிலிருந்து வர வேண்டிய அவசியமில்லை. அதைச் சட்டம் போட்டு ஒழித்து முப்பது வருஷம் ஆகிறது. சட்டம் காகிதத்தில் மாறிற்று, ஆண்கள் மண்டையில் மாறவில்லை. தாணுலிங்கத்துக்குப் பிள்ளை இல்லை. அவன் மனைவிக்குச் சர்க்காரே உரிமை கொடுத்துவிட்டால் அவன் பங்கு வயல் அவளைச் சேரும், அந்த உரிமை கிடைக்காமல் போனால் அவள் கப்பலேறுவாள், வயல் தனக்கு வரும் என்பது பூதலிங்கம் போட்ட கணக்கு.

5. ஐப்பசி 22-ம் தேதி அந்திக்கு, நடவு முடிந்த வயலுக்குத் தண்ணீர் விட மூத்தவன் மடைக்குப் போனான். இளையவனும் மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கூடப் போனான். அண்ணனும் தம்பியும் மடை திறக்கப் போவதில் யாருக்கு என்ன சந்தேகம் வரும்? சற்றுப் பிந்தி மருமகள் தூக்குவாளியில் காப்பி கொண்டு போனாள்.

அவள் வரப்பில் ஏறியபோது தாணுலிங்கம் குனிந்து மடைப்பலகையைத் தூக்கிக்கொண்டிருந்தான். பின்னால் நின்றவன் மம்பட்டியை ஓங்கிப் பிடரியில் வெட்டினான். தண்ணீரில் விழுந்தவனைக் காலால் புரட்டி, முகத்துக்கு நேரே மறுபடியும் வெட்டினான். தடுக்கத் தூக்கிய கையில் விரல்கள் துண்டாகி வரப்பில் விழுந்தன. மறுநாள் காலையில் சேற்றிலிருந்து அவற்றைப் பொறுக்கித் துணியில் முடிந்து கொடுத்தவள் நான். பிறந்த அன்று ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிப் பார்த்த விரல்கள் ஐயா அவை.

மருமகள் ஓடிப்போய் பூதலிங்கத்தின் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் இழுத்தாள். அவன் மம்பட்டிக் காம்பால் அவள் முகத்தில் அடித்தான். தாடை உடைந்து பல் தெறித்தது. அப்படியும் அவள் விடாததால் கழுத்துத் தாலியைப் பிடித்து முறுக்கி, கயிறு அறுந்த பின் வாய்க்காலில் எறிந்து, அவளையும் மிதித்துத் தாழம்புதருக்குள் தள்ளினான். செத்தாள் என்று நினைத்தான். பிறகு கரையேறி நின்று, "அய்யோ, எங்கண்ணனக் கொன்னு போட்டானுவளே, மறுகரைக்காரனுவ கொன்னு போட்டானுவளே" என்று ஊருக்கே கேட்கக் கூவினான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை.

மறுகரைக்காரர்களோடு எங்களுக்குத் தண்ணீர்த் தகராறு பழையது. ஊர் நம்பிற்று. நானும் நம்பினேன், பூதலிங்கத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதேன். எங்கள் தெரு ஆட்கள் கம்பும் கத்தியுமாக மறுகரைக்குப் போய், ஒரு பாவமும் அறியாத ஒருவனை வீட்டுக்குள்ளிருந்து இழுத்துப் போட்டுக் காலை அடித்து ஒடித்தார்கள். அவன் இன்னும் எழுந்து நடக்கவில்லை.

6. மருமகளைப் புதரிலிருந்து எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தாடையைச் சேர்த்துத் துணியால் தலையோடு இறுகக் கட்டியிருந்ததால் அவளால் வாய் திறக்க முடியவில்லை. அன்று இரவே வீட்டுக்கு வந்தபின் பூதலிங்கத்தைச் சுட்டிச் சுட்டிக் காட்டினாள். கூடியிருந்த பெண்கள், "பாவம், கொழுந்தனத் தேடுதா, இனி அவன்தானே தொணை" என்றார்கள். அவனைக் கூப்பிட்டு அவள் தலைமாட்டிலேயே நிறுத்தினார்கள். அவன் அவள் நெற்றியைத் தடவிக் கொடுத்தான். அவள் உடம்பு நடுங்கிற்று. காய்ச்சல் என்று நினைத்தோம்.

7. மறுநாள் பிணத்தை எடுத்தார்கள். எங்கள் ஊரில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை, தெருக்கோடியோடு நின்றுவிடுவோம். மருமகள் நிற்கவில்லை. பிடித்தவர்களை உதறிவிட்டு, தலையில் கட்டோடு வயல் வழியே ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது பூதலிங்கம் குடம் உடைத்து முடித்து, கொள்ளியை வாங்கிக்கொண்டு நின்றான். அவள் பாய்ந்து கொள்ளியின் எரிகிற முனையையே வலது கையால் பற்றினாள். அவன் இழுக்க, அவள் விடாமல் பிடிக்க, உள்ளங்கைத் தோல் கட்டையோடு உரிந்து வந்தது. கொள்ளியைப் பிடுங்கித் தூர எறிந்துவிட்டு அவன் முகத்தை நகத்தால் பிறாண்டினாள்.

"ஏட்டி, பொம்பளைக்குச் சுடுகாட்டுல என்ன சோலி" என்று ஆண்கள் அவள் மேல் விழுந்தார்கள். பாடை மூங்கிலை உருவி முதுகிலும் காலிலும் அடித்தார்கள். புருஷன் பிணம் சிதையில் கிடக்க, பெண்டாட்டியை அதன் முன்னாலேயே மயிரைப் பிடித்துத் தரையில் இழுத்தார்கள். 'பர்மாக்காரிக்கு நம்ம முறை தெரியாது' என்று எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். அங்கே நின்ற போலீஸ் ஏட்டும், 'நாட்டு வழக்கம் அறியாத ஸ்திரீ, துக்கத்தில் புத்தி பேதலித்தவள்' என்று எழுதிக்கொண்டு போனார். ஆறு வருஷம் எங்கள் வீட்டில் உலை வைத்தவளுக்கா ஐயா எங்கள் வழக்கம் தெரியாது? தீட்டு எது, துடக்கு எது என்று என்னை விடச் சுத்தமாகக் கடைப்பிடித்தவள் அவள். தெரிந்துதான் போனாள். கொன்ற கை கொள்ளி வைக்கக் கூடாது என்று போனாள். நாங்கள்தான் அவளை அன்னியள் என்று பார்த்துப் பார்த்து, அவள் சொன்னதைக் கேட்காமல் விட்டோம்.

8. பக்கத்து வீட்டுக் கிருஷ்ணமணி சுடுகாட்டிலிருந்து வந்து நடந்ததைச் சொன்னார். "பிணத்தத் திரும்பியும் பாக்கல்ல, நேரா பூதலிங்கத்தத்தான் புடிச்சா" என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு, அவர்கள் கொண்டுவந்து போட்டிருந்த மருமகள் முகத்தைப் பிடித்து, "மக்கா, தலைய மட்டும் ஆட்டு, போதும். அவனா?" என்று கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள்.

பூதலிங்கம் கொள்ளி வைத்து முடித்து, குளித்துவிட்டு ஈரத் துணியோடு வந்தான். நேருக்கு நேர் கேட்டேன். முதலில் சத்தியம் செய்தான். பெற்றவளிடம் பொய் எத்தனை நேரம் நிற்கும்? "ஆமா, நாந்தான் வெட்டுனேன். நாளைக்கு ஆப்பீசுல போயி கையெழுத்துப் போட்டிருந்தாம்னா வயலு பூரா பர்மாக்காரிக்குல்லா போயிருக்கும். ஒனக்குப் புத்தி இல்லண்ணா எனக்குமா இல்ல?" என்றான். கன்னத்தில் அறைந்தேன். அவன் என் கழுத்தைப் பிடித்துச் சுவரில் தலையை மோதினான், கீழே விழுந்தபின் விலாவில் உதைத்தான். மருமகள் அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு வரவும் வெளியே போய்விட்டான். எனக்கு ஒரு விலா எலும்பு முறிந்தது. மூச்சு விடும்போதெல்லாம் என் மகன் கால் என் உடம்பில் படுவதாகவே இருக்கிறது.

9. அந்த ரத்தத்தோடேயே நடந்து போய்ப் போலீசில் சொன்னேன். தாய் தன் மகன் மேல் பிராது கொடுப்பதை அவர்கள் நம்ப நேரமாயிற்று. பிறகு கைது செய்தார்கள். தாடை கூடியபின் மருமகளும் வாக்குமூலம் கொடுத்திருக்கிறாள். ஆனால் அவன் என்னிடம் ஒத்துக்கொண்டதை மறுக்கிறான். வெட்டியதைக் கண்ணால் கண்டவள் தை மாத விசாரணையில் கோர்ட்டுக் கூண்டில் ஏறி வாயால் சொல்லாவிட்டால் வழக்கு நிற்காது என்று வக்கீல் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

பூதலிங்கத்துக்கும் அது தெரியும். கூட்டாளிகள் ஜாமீனில் எடுத்த மறுநாளே, 'இவள் பர்மாக்காரி, என் அண்ணனுக்கு விவாகமாகாதவள், கழுத்தில் தாலி கூட இல்லை, இவளை நாடு கடத்த வேண்டும்' என்று மனு கொடுத்தான். தாலி எங்கே என்று வாய்க்காலைத்தான் கேட்க வேண்டும். அடுத்த வாரம் எங்கள் வைக்கோல் படப்பு எரிந்தது. கொட்டிலில் கட்டியிருந்த பசு கயிற்றை அறுக்க முடியாமல் கத்திக் கத்தி வெந்து செத்தது. தீயின் வெளிச்சத்தில் தெருவில் நின்றுகொண்டு, "ஏட்டி பர்மாக்காரி, கப்பல்ல ஏத்துவேன், இல்லண்ணா கட்டையில ஏத்துவேன்" என்று அவன் சத்தம் போட்டதைக் கீழத்தெரு முழுவதும் கேட்டது. சாட்சி சொல்லத்தான் ஒருவருக்கும் காதில்லை.

10. இந்த நிலையில்தான் உத்தரவு வந்தது. கணவன் இறந்துவிட்டதால் 'குடிமகனின் மனைவி' என்ற தகுதி இல்லை, விண்ணப்பம் தள்ளுபடி, மார்கழி முடிவதற்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று கண்டிருக்கிறது. மறுவிண்ணப்பம் எழுதிக்கொண்டு போனோம். கை வெந்து கட்டுப் போட்டிருப்பதால் அவள் கையெழுத்து பழைய கையெழுத்தோடு ஒத்துவரவில்லை என்று ஆப்பீசில் திருப்பிக் கொடுத்தார்கள்.

தங்கள் சமுகம் தயவு செய்து யோசிக்க வேண்டும். இந்த விண்ணப்பம் நிறைவேறக் கூடாது என்பதற்காகவே ஒருவன் இன்னொருவனைக் கொன்றான். கொன்றதால் விண்ணப்பம் நிறைவேறவில்லை. மீதி வேலையைச் சர்க்கார் முத்திரை போட்டு முடித்துக் கொடுக்கிறது. கொலைகாரன் கேட்டதையெல்லாம் ஒன்று விடாமல் கொடுக்கிற சர்க்கார் எந்த ஊரில் உண்டு? புருஷன் செத்தால் பெண்டாட்டி அன்னியள் என்ற மருமக்கள் வழியைச் சட்டம் ஒழித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேனே, அது ஆப்பீசில் இன்னும் உயிரோடிருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

11. ஆகவே நான் கேட்பது இவ்வளவே. நாடு கடத்தும் உத்தரவை உடனே நிறுத்தி வைக்க வேண்டும். தாலுகா ஆப்பீசில் என் மகன் செய்ய வேண்டியிருந்த சத்தியத்தைத் தாயாகிய நான் செய்யச் சித்தமாக இருக்கிறேன், அதை ஏற்று அவளை நிரந்தரமாகப் பதிவு செய்ய வேண்டும். விசாரணை முடியும் வரை வீட்டுக்குக் காவல் போட வேண்டும். முத்தாரம்மன் கோவிலில் நடந்த விவாகத்துக்குச் சாட்சி சொல்ல கிருஷ்ணமணி சம்மதித்திருக்கிறார். வயலில் எனக்கு ஆசையில்லை, அவளுக்கும் இல்லை. அது தரிசாகக் கிடக்கட்டும்.

12. என்னை ராட்சசி என்று ஊர் சொல்கிறது. பெற்ற மகனைத் தூக்குக் கயிற்றுக்கு அனுப்பப் பார்க்கிறாள் என்கிறார்கள். உண்மைதான். ஆனாலும் தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் ஐயா. அவன் ஜாமீனில் வந்த அன்று மத்தியானம், என்னையறியாமல் அவனுக்கும் சேர்த்து அரிசி களைந்தேன். அவனையும் இந்த வயிறுதான் சுமந்தது. அவன் குழந்தையாகக் காய்ச்சலில் கிடந்தபோது என் உயிரை எடுத்துக்கொள் என்று முத்தாரம்மனிடம் கேட்டவள் நான். இப்போது அவனுக்கு என்ன தண்டனை வந்தாலும் அதில் பாதி எனக்குத்தான். அதை நான் அனுபவித்துக்கொள்கிறேன், அதற்காகச் சமுகத்திடம் ஒன்றும் கேட்கவில்லை.

பெற்ற இரண்டில் ஒன்றைச் சுடுகாட்டுக்குக் கொடுத்தாயிற்று. மற்றதை என் கையாலேயே கோர்ட்டுக்குக் கொடுத்தாயிற்று. மிஞ்சியிருப்பது நான் பெறாத இந்த ஒருத்திதான். இவளையும் எடுத்துக்கொள்ளாமல் எனக்கு விட்டுவைக்க வேண்டும்.

இடம்: ஆலடிப்பற்று
நாள்: கொல்லம் 1132 மார்கழி 9 (24–12–1956)

சமுகத்தின் உத்தரவை எதிர்பார்த்து, வாசலிலேயே காத்திருக்கும்,
உலகம்மாள்
(மா கின் மியாவின் தாயார்)